பசித்த பெண்களும் வாடகை மாளிகைகளும்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மாதம் ஒரு படம் என்று சிறு வட்டமொன்றுக்குத் திரையிட்டுவரும் ஆசிரியை ஒருவர், அடுத்த சில மாதங்களுக்கு இரத்தக் காட்டேரிப் படங்களைத் தெரிவுசெய்ய எண்ணியிருக்கிறார். தேடிப் பார்த்தபோது, செலவு குறைந்த படங்களிலும் கலைப்படங்களிலும் இரத்தம் குடிப்பவர் பெரும்பாலும் பெண்ணாகவே இருப்பதைக் கண்டு, இதற்குக் காரணம் என்ன, இவை ஆபாசத்துக்காக மட்டும் எடுக்கப்பட்டவையா, தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு இவற்றில் ஏதும் உண்டா என்று என்னிடம் கேட்டிருந்தார். நான் இளவயதில் சில ஆண்டுகள் வீடியோக் கடையொன்றில் வேலை பார்த்தவன். திருவிழாவுக்கும் சடங்குக்கும் லயங்களுக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, டெக்கையும் தொலைக்காட்சியையும் வாடகைக்குக் கொண்டுபோய் விடியும்வரை படம் ஓட்டியவன். அந்தப் பழக்கத்தில் தொடங்கிய பார்வை என்பதால், விமரிசகர்கள் எழுதும் ஒழுங்கில் என் பதில் அமையாது.

முதலில் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மேலைநாட்டு வாம்பயருக்குத் தமிழில் இரத்தக் காட்டேரி என்று பெயர் வைத்தவர் யாராக இருந்தாலும், அவர் நமக்கு ஒரு சிக்கலையும் ஒரு வாய்ப்பையும் சேர்த்தே தந்துவிட்டார். ஏனெனில் மலையகத்தில் காட்டேரி என்பது கதையில் வரும் பேய் மட்டுமன்று. படையல் பெறுகிற ஒரு பெண் தெய்வமும் ஆவாள். என் அம்மாயி, வீட்டில் ஒரு பெண் கருவுற்றால், ஓடைக்கரையில் கோழியும் கருவாடும் முட்டையும் முருங்கைக்கீரையும் வைத்துக் காட்டேரிக்குப் படைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வருவார். அவள் கெட்டவளா என்று சிறுவனாகக் கேட்டபோது, அவளுக்குப் பசி, அவ்வளவுதான் என்றார். தாய்க்கும் சிசுவுக்கும் உரிய இரத்தத்தை அவள் எடுத்துவிடாதிருக்க, அவளுக்கு உரியதை நாமே முன்கூட்டிக் கொடுத்துவிடுகிறோம் என்பதே அந்த வழிபாட்டின் கணக்கு. டிராகுலா கதைகளில் இரத்தம் குடிப்பது பாவம். பாவிக்கு நெஞ்சில் கழு. நம்மிடம் அது பசி, பசிக்குப் படையல். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால், பணமில்லாத இயக்குநர்களும் கலைப்பட இயக்குநர்களும் எடுத்த படங்கள் டிராகுலாவை விட நம் காட்டேரிக்கே நெருங்கி நிற்பது தெரியும். நான் சொல்ல வருவது இதுதான்.

பெண் ஏன் என்ற கேள்விக்கு இலக்கியக் காரணமொன்று உண்டு. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா வெளிவந்தது 1897இல். அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே, அயர்லாந்தின் டப்ளின் நகரத்தவரான ஷெரிடன் லெ ஃபானு, கார்மில்லா என்ற குறுநாவலை எழுதிவிட்டார். அது 1871இலும் 1872இலும் தொடராக வந்து, பின்னர் அவரது கதைத் தொகுப்பொன்றில் சேர்ந்தது. தனிமையான ஒரு மாளிகையில் தந்தையுடன் வாழும் லோரா என்ற பெண்ணின் வீட்டுக்கு, வண்டி விபத்தொன்றைச் சாக்காக வைத்து விருந்தாளியாக வந்து சேர்கிறாள் கார்மில்லா. இருவருக்கும் இடையே வளர்வது அன்பா, இரை தேடுதலா என்பது லோராவுக்கே கடைசிவரை தெளிவதில்லை. டிராகுலா கடல் கடந்து வந்து ஒரு நாட்டையே பிடிக்கப் பார்க்கிறான்; அவனைத் திரையில் காட்டக் கப்பலும் கோட்டையும் ஆட்கூட்டமும் வேண்டும். கார்மில்லாவுக்கு வேண்டியது ஒரு வீடு, ஒரு தோட்டம், இரண்டு நடிகைகள். லெ ஃபானு 1873இல் இறந்துவிட்டதால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவரது கதைக்கு உரிமைப் பணமும் கட்டத் தேவையிருக்கவில்லை. மலிவுப் படத் தயாரிப்பாளர் ஒருவர் இதைவிட வேறென்ன கேட்பார்?

இந்தக் கதைத் தொகுப்பைத் தளர்வாகத் தழுவி, டென்மார்க்கின் கார்ல் தியோடர் டிரையர் 1932இல் வெளியிட்ட வாம்பயர் என்ற படத்தை எல்லாவற்றுக்கும் முதலில் வைக்கிறேன். அதற்குப் பணம் கொடுத்த நிக்கொலா த குன்ஸ்பேர்க் என்ற பிரபு, தாமே வேறு பெயரில் கதாநாயகனாகவும் நடித்தார். மற்றவர்களிலும் ஓரிருவரைத் தவிர எவரும் தொழில்முறை நடிகர்கள் அல்லர். ஸ்டூடியோவுக்குப் பதிலாகப் பிரான்சில் உள்ள உண்மையான வீடுகளிலும் கைவிடப்பட்ட கட்டடங்களிலும் படமாக்கினார்கள். தொடக்கத்தில் ஒளி தவறுதலாகப் பட்டு ஒரு காட்சி சாம்பல் பூத்தாற்போல் விழுந்துவிட, அதுவே தமக்கு வேண்டிய தோற்றம் என்று கண்ட டிரையரும் ஒளிப்பதிவாளர் ருடோல்ஃப் மாட்டேயும், கமராவுக்குச் சற்று முன்னால் மெல்லிய வலைத்துணியைப் பிடித்து, முழுப் படத்தையும் பனிமூட்டத்துக்குள் எடுத்ததுபோல் ஆக்கினர். காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்கு, தோட்டத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, போன எவருக்கும் அந்த ஒளி புதிதாக இராது. படத்தின் இரத்தக் காட்டேரியோ அழகியல்லள். கைத்தடி ஊன்றி, ஒரு வைத்தியரை ஏவலாளாக வைத்துக்கொண்டு நடமாடும் பார்வை மங்கிய கிழவி. ஊரில் செத்தும் அதிகாரம் விடாத ஒரு கிழவியின் நிழல் எப்படி இளம் பெண்கள்மீது விழுகிறது என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன படம் பின்னர் வரவில்லை என்பது என் எண்ணம். வெளியானபோது பெர்லினில் கூச்சலிட்டார்கள், படம் தோற்றது.

நீங்கள் தேடியபோது குவியல் குவியலாகக் கண்டிருக்கக்கூடியவை 1970க்கும் 1974க்கும் இடையில் வந்தவை. அந்த வெள்ளத்துக்குக் கலைக் காரணம் எதுவும் இல்லை. ஐரோப்பாவில் தணிக்கை தளர்ந்தது. பிரித்தானியாவில் வயது வந்தோருக்கான சான்றிதழின் எல்லை 1970இல் பதினாறிலிருந்து பதினெட்டாக உயர்த்தப்பட்டபோது, முன்பு வெட்டப்பட்டவற்றைக் காட்ட இடம் கிடைத்தது. பேய்ப்படங்களுக்குப் பெயர்போன பிரித்தானியாவின் ஹமர் நிறுவனம் உடனே கார்மில்லாவைக் கையிலெடுத்து, 1970இல் தி வாம்பயர் லவர்ஸ் என்ற படத்தையும் அடுத்த ஆண்டில் அதன் தொடர்ச்சிகள் இரண்டையும் எடுத்தது. முதல் படத்தில் கார்மில்லாவாக நடித்த இங்கிரிட் பிட், போலந்தில் பிறந்து சிறுவயதில் நாஜிகளின் வதைமுகாமிலிருந்து மீண்டவர். அவரது கண்களில் உள்ள களைப்பு அந்தப் படத்துக்குத் தகுதியில்லாத ஒரு கனத்தைத் தருகிறது. முடிவில் பெரிய மனிதர்கள் கூடி அவளுடைய நெஞ்சில் கழு இறக்கித் தலையையும் வெட்டுகிறார்கள். வீடு சுத்தமாகிவிட்டது என்று படம் நிம்மதி கொள்கிறது. காட்ட வேண்டியதையெல்லாம் காட்டிக் காசு பார்த்துவிட்டு, காட்டியதற்காக அவளையே தண்டிக்கிற இந்தப் போக்குதான் ஆபாசம் என்று நான் கருதுவது; ஆடை குறைவதை அல்ல.

அதே ஆண்டுகளில் பிரான்சில் ஜோன் ரொலான் வேறொன்றைச் செய்துகொண்டிருந்தார். அவரது முதல் நீளப் படம் 1968 மே மாதத்தில், பாரிஸ் நகரம் மாணவர் கிளர்ச்சியிலும் வேலைநிறுத்தத்திலும் கொந்தளித்த நாட்களில், திரைக்கு வந்தது. புதிய படங்கள் அருகியிருந்ததால் கூட்டம் வந்தது. வந்த கூட்டம் ஒன்றும் விளங்காமல் கொதித்துத் திரையை நோக்கிக் கையில் கிடைத்ததை எறிந்தது. அந்தப் படம் உருவான கதை இதைவிட வேடிக்கை. முதலில் குறும்படமாக எடுத்து அதில் எல்லோரையும் சாகடித்துவிட்டார். பின்னர் அதை முழுநீளப் படமாக்க வேண்டும் என்றபோது, செத்தவர்களை உயிர்ப்பித்து இரண்டாம் பாகத்தைத் தொடர்ந்தார். இப்படிச் செய்பவரைத் தெருக்கூத்துக்காரர் என்றுதான் நான் எண்ணுவேன். இரவு நீண்டுவிட்டால் அரக்கனை மறுபடி எழுப்புவது நம் கூத்திலும் உள்ளதுதானே.

ரொலானுக்குப் பணம் எப்போதும் இருந்ததில்லை. பிழைப்புக்காக வேறு பெயர்களில் பாலியல் படங்கள் எடுத்திருக்கிறார். சொந்தப் படங்களிலும் இத்தனை இடத்தில் ஆடை களையவேண்டும் என்ற விற்பனையாளரின் கட்டளைக்கு இணங்கியிருக்கிறார். ஆனால் அந்தக் கட்டளை முடிந்தவுடன் கமரா திரும்பிக்கொள்கிறது. பாழடைந்த கோட்டை, கல்லறைத் தோட்டம், டியெப் நகரத்துக்கு அருகே மரத்தூண்கள் வரிசையாக நட்ட அந்தக் கற்கடற்கரை என்று தமக்குப் பிடித்த இடங்களில் நீண்ட நேரம் சும்மா நிற்கிறது. அந்தக் கடற்கரை அவரது படங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. சிறுவயதில் மனத்தில் பதிந்த இடம் அது. 1971இல் வந்த படமொன்றில் இரத்தக் காட்டேரிப் பெண் நள்ளிரவில் ஆளுயர நிலைக்கடிகாரமொன்றின் பெட்டிக்குள்ளிருந்து வெளியே வருகிறாள். தந்திரக் காட்சி எதுவும் இல்லை. கதவைத் திறந்து வருகிறாள், அவ்வளவே. செலவு ஒரு கடிகாரப் பெட்டி. ஆனாலும் பார்த்தவர் மறப்பதில்லை. ஏனென்றால், நேரம் என்பதுதான் சாகாதவளின் வீடு என்ற எண்ணம் ஒரு சொல்லும் இல்லாமல் அதில் இருக்கிறது.

அவருடைய படங்களில் ஒன்றைத்தான் காட்டலாம் என்றால், 1979இல் எடுத்த ஃபசினாசியோன் என்பதை நான் சொல்வேன், வயது வந்தவர்களுக்கு மட்டும் என்ற எச்சரிக்கையோடு. கதை 1905இல் தொடங்குகிறது. வெள்ளை உடையணிந்த சீமாட்டிகள் இருவர், இறைச்சிக்கூடத்தின் ஈரத் தரையில் நின்று, கண்ணாடிக் கிண்ணத்தில் மாட்டு இரத்தம் அருந்துகிறார்கள். இது பேய்க்கதை அல்ல. இரத்தச்சோகைக்கு மருந்தென்று அந்நாளைய பிரான்சில் பணக்காரப் பெண்கள் உண்மையிலேயே இறைச்சிக்கூடங்களுக்குப் போய் இதைக் குடித்ததுண்டு. நாளடைவில் அவர்களுக்கு மாட்டு இரத்தம் போதாமல் போகிறது. ஒளிந்துகொள்ள அவர்களின் மாளிகைக்கு வந்து சேரும் திருடன், தன்னையே எசமானன் என்று நினைத்துக்கொண்டு ஆட்டம் போடுகிறான். தான் விருந்தாளி அல்லன், விருந்து என்பது அவனுக்குக் கடைசியில்தான் விளங்குகிறது. இதில் செத்தெழுந்தவர் யாரும் இல்லை, கோரைப்பல் இல்லை, சிலுவை இல்லை. உடம்பில் இரத்தம் குறைந்த பெண்களும், அதைப் பிறரிடமிருந்து எடுத்து நிரப்பிக்கொள்ளும் வசதியும் மட்டுமே உள்ளன.

இந்த முதற்காட்சியை நான் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது தோட்டத்துக் கிளினிக்கின் வாங்கு. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்து, கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்து, இரத்தம் குறைவு என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் கொடுத்தனுப்பப்பட்ட தாய்மார்கள். மூலதனம் என்பது செத்த உழைப்பு, வாம்பயரைப்போல் உயிருள்ள உழைப்பை உறிஞ்சியே அது வாழ்கிறது என்று மார்க்ஸ் 1867இல் எழுதினார்; அதை நம் மேடைப் பேச்சாளர்கள் அட்டை என்று மொழிபெயர்த்துப் பேசிப் பேசித் தேய்த்துவிட்டார்கள். ஆனாலும் அட்டை சரியான உவமைதான். அது கடிக்கும்போது வலிப்பதில்லை; இரத்தம் உறையாதிருக்க ஒரு பொருளைச் செலுத்திவிட்டுக் குடிப்பதால், வயிறு நிறைந்து அது உதிர்ந்த பின்னர்தான் காலில் இரத்தம் ஓடுவதே தெரியும். நல்ல இரத்தக் காட்டேரிப் படங்களில் கடி இப்படித்தான் இருக்கும். கத்தலும் திமிறலும் ஹமருக்கு உரியவை.

பெல்ஜியத்து இயக்குநர் ஹாரி கூமெல் 1971இல் எடுத்த டோட்டர்ஸ் ஒவ் டார்க்னஸ், ரொலானின் படங்களை விடப் பளபளப்பானது. இந்த வகையிலேயே நேர்த்தியாகக் கட்டப்பட்டது என்றும் சொல்லலாம். பருவம் முடிந்து வெறிச்சோடிய ஒஸ்டெண்ட் கடற்கரை ஹோட்டல். புதிதாக மணமான இருவர் மட்டும் தங்கியிருக்கிறார்கள். அங்கே தன் தோழியுடன் வந்து இறங்குகிறாள் ஒரு சீமாட்டி. நாற்பது ஆண்டுகளுக்கு முன், தான் அங்கே எடுபிடிப் பையனாக இருந்தபோது வந்த அதே அம்மையார் அதே முகத்தோடு நிற்கிறார் என்று ஹோட்டல் பணியாளர் குழம்புகிறார். சீமாட்டியாக நடித்தவர் டெல்ஃபீன் செரிக். பிரெஞ்சுக் கலைப்படங்களின் மாபெரும் நடிகைகளில் ஒருவர். மலிவுப் பேய்ப்படம் ஒன்றுக்கு இறங்கி வந்தோம் என்ற பாவனை அவரிடம் துளியும் இல்லை. அவள் யாரையும் விரட்டிப் பிடிப்பதில்லை. அன்பாகப் பேசுகிறாள், அவ்வளவுதான். புது மணமகனோ மனைவியைப் பெல்டால் அடிப்பவன். யாரிடம் அந்தப் பெண் தப்பவேண்டும் என்ற கேள்வியைப் படம் நம்மிடம் விட்டுவிடுகிறது. காட்சிகள் முடியும்போது திரை இருளாமல் சிவப்பாக நிரம்பும் அந்தச் சிறு உத்தியைக் கவனியுங்கள்.

ஸ்பானியர் ஹெசுஸ் ஃபிராங்கோவைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இருநூறுக்கு மேற்பட்ட படங்களை எடுத்துத் தள்ளியவர். பெரும்பாலானவை தூக்கம் வரவழைப்பவை. வாம்பிரோஸ் லெஸ்போஸ் மட்டும் விதிவிலக்கு. அதில் இரத்தக் காட்டேரிச் சீமாட்டி கறுப்புக் கோட்டையில் ஒளியாமல், துருக்கியின் கடலோரத்தில் பட்டப்பகலில் வெயில் காய்கிறாள். நடித்த சொலெடாட் மிராண்டா 1970 ஓகஸ்ட்டில், இருபத்தேழு வயதில், கார் விபத்தில் இறந்தார். படம் வெளிவந்தது அதற்கு அடுத்த ஆண்டு. சாகாதவளாக நடித்தவரைச் செத்தபின் உலகம் பார்த்தது என்பதை அறிந்து பார்த்தால் அவர் நேராகக் கமராவை நோக்கும் கணங்கள் தாங்க முடியாதவையாகிவிடுகின்றன.

இதற்கு மாறாக ஹொசே லராஸ் 1974இல் இங்கிலாந்தில் எடுத்த வாம்பயர்ஸ், நம் ஊர்க்காரருக்கு முதல் பத்து நிமிடங்களிலேயே பிடிபட்டுவிடும். இரண்டு பெண்கள் காட்டுவழி ரோட்டோரம் நின்று கையைக் காட்டி வாகனத்தை மறிக்கிறார்கள். தனியாக வரும் ஆண் நிறுத்துகிறான். அவர்கள் காட்டும் பழைய பங்களாவுக்குப் போகிறான். மறுநாள் கார் எங்கோ மோதிக் கிடக்கிறது. வெள்ளைச் சேலையில் கைக்குழந்தையோடு நின்று, பிள்ளையைக் கொஞ்சம் பிடியுங்கள் என்று கேட்கும் மோகினியின் கதையைச் சிங்களத்திலும் தமிழிலும் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இரவில் வளைவு ரோட்டில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர்களிடம் கேட்டால், தான் கண்டதாக ஒருவர், தன் மச்சான் கண்டதாக ஒருவர் சொல்லத்தான் செய்வார். லராஸின் படத்துக்கு வாய்த்த மாளிகை தேம்ஸ் நதிக்கரையில் உள்ள ஓக்லி கோர்ட். பக்கத்திலேயே ஹமரின் பழைய ஸ்டூடியோ இருந்ததால் அது பல பேய்ப்படங்களில் தலைகாட்டியிருக்கிறது, இன்று அது ஹோட்டல். ஹப்புத்தளையில் 1931இல் கட்டிமுடிக்கப்பட்டு, இப்போது துறவிகளின் மடமாக உள்ள அடிஷம் பங்களாவைப் பார்க்கும்போதெல்லாம், ஐரோப்பியர் பனியையும் பங்களாவையும் வாடகைக்குத் தேடி அலைந்தார்களே, நமக்கு இரண்டும் வாசலில் கிடக்கின்றன என்று தோன்றும். யாராவது ஒரு இளைஞர் எடுக்கமாட்டாரா என்று பல வருடமாகக் காத்திருக்கிறேன்.

இந்தப் படங்களை எடுத்தவர்களில் பெண்கள் இல்லையா என்றும் நீங்கள் கேட்கக்கூடும். அமெரிக்க மலிவுப் படத் தயாரிப்பாளர் ரொஜர் கோர்மனின் நிறுவனத்துக்காக ஸ்டெஃபனி ரொத்மன் 1971இல் இயக்கிய தி வெல்வெட் வாம்பயர் உண்டு. வாம்பயர் பெண்ணின் குடும்பப் பெயரே லெ ஃபானு. அவள் வாழ்வது கலிஃபோர்னியப் பாலைவனத்தில், தொப்பியும் கண்ணாடியும் அணிந்து மணல் வண்டி ஓட்டிக்கொண்டு. நடிப்பு சில இடங்களில் மரக்கட்டை. ஆனால் பார்க்கிற கண் பெண்ணுடையது என்பது, ஆணின் உடலையும் அதே ஆர்வத்துடன் கமரா பார்ப்பதில் தெரிகிறது.

பணம் கொடுத்தவரை ஏமாற்றிக் கலைப்படம் எடுப்பது ஒரு தனிக் கலை. அதில் உச்சம், கறுப்பின அமெரிக்கரான பில் கன் 1973இல் எடுத்த கஞ்சா அண்ட் ஹெஸ். முந்தைய ஆண்டு கறுப்பின டிராகுலா படமொன்று நன்றாக ஓடியதால், அதுபோல் ஒன்று வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் அவரிடம் கேட்டார்கள். அவரோ பழைய ஆபிரிக்கக் கத்தியொன்றால் குத்தப்பட்டு இரத்தத்துக்கு அடிமையாகும் மானிடவியலாளர் ஒருவரையும், தன் கணவனைத் தேடி அவரது வீட்டுக்கு வரும் கஞ்சா என்ற பெண்ணையும் வைத்து, தேவாலயப் பாட்டும் கனவும் கலந்த ஒரு படத்தைக் கொடுத்தார். கான் திரைப்பட விழாவின் விமரிசகர் வாரத்தில் பாராட்டுப் பெற்ற அதைத் தயாரிப்பாளர்கள் துண்டாடி வேறு பெயரில் வெளியிட்டார்கள். முழு வடிவம் மீள நெடுங்காலம் ஆனது. இறுதியில் ஆண் குற்றவுணர்வு தாங்காமல் சிலுவையின் நிழலில் விழுந்து சாகிறான். கஞ்சாவோ சாவதற்கு மறுத்துவிடுகிறாள். சிறுவயதிலேயே தாயால் வெறுக்கப்பட்டு, இனி என்னை நானே பார்த்துக்கொள்வேன் என்று முடிவெடுத்த பெண் அவள். அவளுடைய பசியை எந்தத் தண்டனையும் இல்லாமல் படம் வாழவிடுவது, 1973க்குப் பெரிய துணிவு.

பின்வந்த கலைப்படங்களை வேகமாகவே கடந்து செல்கிறேன். அவற்றைப் பற்றி எழுதுவோர் பலர் உள்ளனர். மைக்கேல் அல்மரெய்டாவின் நாட்யா 1994இல் வந்தது. பிள்ளைகளுக்காக விற்கப்பட்ட விளையாட்டுக் கமராவொன்று அந்நாளில் இருந்தது; பாட்டுக் கேட்கும் சாதாரணக் கசெட்டிலேயே அது படத்தைப் பதியும். அந்தக் கட்டம் கட்டமான மங்கல் உருவங்கள்தாம் படத்தில் இரத்தக் காட்டேரியின் பார்வை. மற்றவர்கள் பணத்தை மீட்டுக்கொண்டபோது இயக்குநர் டேவிட் லிஞ்ச் தம் பணத்தைப் போட்டுக் காப்பாற்றினார். அடுத்த ஆண்டு ஏபெல் ஃபெராரா எடுத்த தி அடிக்ஷன், நியூயோர்க்கில் மெய்யியல் ஆய்வு செய்யும் மாணவியைப் பற்றியது. போர்க் கொலைகளின் படங்களை வகுப்பில் பார்த்துவிட்டு வரும் அவளை, ஒரு பெண் சந்துக்குள் இழுத்து, என்னைப் போகச் சொல், கெஞ்சாதே, உறுதியாகச் சொல் என்கிறாள். மாணவியால் அதைச் சொல்ல முடிவதில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர்களும் குற்றத்தில் பங்காளிகளா என்ற கேள்வியை இந்நாட்டில் இருந்துகொண்டு அமைதியாகப் பார்க்க என்னால் முடியவில்லை. படத்தில் மேற்கோள்கள் அளவுக்கு மேல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கிளேர் டெனியின் 2001ஆம் ஆண்டுப் படம், கணவனால் வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட ஒரு பெண்ணின் பசியைக் காட்டுகிறது. மிகக் கொடியது, உங்கள் வட்டத்துக்கு வேண்டாம்.

அனா லிலி அமிர்பூரின் 2014ஆம் ஆண்டுப் படமான எ கேர்ள் வோக்ஸ் ஹோம் அலோன் அட் நைட் மட்டும் சற்று நிற்க வேண்டிய இடம். பாரசீக மொழியில், கறுப்பு வெள்ளையில், கலிஃபோர்னியாவின் எண்ணெய்க் கிணற்று நகரொன்றில் எடுக்கப்பட்டது. பணத்தின் ஒரு பகுதி இணையத்தில் திரட்டப்பட்டது. இரவில் தனியாகப் போகும் பெண்ணை ஆண்கள் பின்தொடர்வார்கள் என்ற எல்லோருக்கும் தெரிந்த அச்சத்தை இயக்குநர் அப்படியே திருப்பிப்போடுகிறார்: சாதர் என்ற ஈரானியப் பெண்களின் முழுநீளப் போர்வையைப் போர்த்திய பெண் தெருவின் மறுபக்கத்தில் ஆணின் நடையை அப்படியே பாவித்துப் பின்தொடர்கிறாள். அவள் ஒரு சிறுவனைப் பிடித்து, நீ நல்ல பிள்ளையா என்று கேட்டு, அஞ்சவைத்து, கொல்லாமல் விட்டுவிட்டு அவனுடைய சறுக்குப் பலகையை எடுத்துக்கொண்டு போகிறாள். அம்மாயி சொன்ன காட்டேரி இவள்தான் என்று அன்று எனக்குப் பட்டது. சந்தியில் நிற்பாள், முறைகேடாக நடப்பவனை அடிப்பாள், பிள்ளையை மிரட்டி வீட்டுக்கு அனுப்புவாள்.

நம் பக்கத்து மரபையும் உங்கள் வரிசையில் இணைக்க இடமுண்டு. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் காளியிடம் முறையிடுவது தம் பசியையே. போர் முடிந்ததும் களத்தில் கூழ் சமைத்து உண்கின்றன, கவிஞர் அதை வெறுப்போடு பாடாமல் நகைச்சுவையோடு பாடுகிறார். பழையனூர் நீலி, தன்னைக் கொன்ற கணவனைப் பேயாகித் தேடிவந்து பழிவாங்கியவள். மலையாளத்தில் மலயாற்றூர் ராமகிருஷ்ணனின் நாவலை வைத்து கே. எஸ். சேதுமாதவன் 1968இல் எடுத்த யட்சி, முகம் சிதைந்த ஒரு விரிவுரையாளன் தன் அழகிய மனைவியை யட்சி என்று ஐயுறும் கதை. சாரதா நடித்த அந்தப் பெண் பேயா, ஆணின் தாழ்வுணர்வுதான் பேயா என்பதே படத்தின் முடிச்சு. கடலுக்கு அப்பால், நம்மைப் போலவே தோட்டத்துக்குப் போன தமிழர் வாழ்ந்த மலாயாவில், பிரசவத்தில் இறந்த பெண் பொந்தியானாக் ஆகிறாள் என்பது மலாய் நம்பிக்கை. பிடரியில் ஆணி அறைந்தால் அடங்குவாளாம். சிங்கப்பூரில் 1957இல் அந்தப் பேயை வைத்துப் பெருவெற்றி கண்ட படத்தை இயக்கியவர் பி. என். ராவ் என்ற இந்தியர். அந்தப் படத்தின் பிரதி இன்று கிடைப்பதில்லை. கருவோடு இறந்த பெண்ணுக்குத் தமிழகத்தில் சுமைதாங்கிக் கல் நட்டு, வழிப்போக்கர் பாரம் இறக்கிவைக்க விட்டதையும் இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஒரே சாவுக்கு ஓரிடத்தில் ஆணி, ஓரிடத்தில் கல்.

இனி உங்கள் திரையிடலுக்கு வருவோம். முதல் மாலையில் டிரையரின் வாம்பயரைப் போடுங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான், பேச்சு மிகக் குறைவு, குழந்தைகள் இருந்தாலும் முகம் சுளிக்க ஒன்றுமில்லை. மழைக்காலத்தில் போட்டால் இன்னும் நல்லது. அடுத்து அமிர்பூர், இளைஞர்கள் வருவார்கள், பாட்டும் பூனையும் உண்டு. மூன்றாவதாக யட்சியைப் போட்டுப் பெரியவர்களையும் அழையுங்கள். சாரதா பெயரைச் சொன்னாலே வருவார்கள். கூமெலின் படத்தையும் கஞ்சா அண்ட் ஹெஸ்ஸையும், வருகிறவர்களின் வயதைத் தெரிந்துகொண்டு, முன்னரே சொல்லிவிட்டுக் காட்டலாம். ரொலானைத் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். அந்த முதற்காட்சி உங்களுக்கும் கிளினிக் வாங்கை நினைவூட்டுகிறதா என்று எனக்கு எழுதுங்கள். ஹமரின் படங்கள் வேண்டுமென்றே விடுபட்டவை. ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் வீட்டுப் பெரியவர்களில் ஒருவரை எழுப்பி, அவர் அறிந்த காட்டேரிக்கு என்னென்ன படைப்பார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். என் அம்மாயியிடம் நான் கருவாடு வரைக்கும்தான் கேட்டேன். ஓடைக்கரையில் அவர் முணுமுணுத்தது என்ன என்று கேட்காமலே விட்டுவிட்டேன்.